இல்லாத வாகனத்தின் அழுக்கு

1967 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ஸ்டார் டிரெக்' தொடரின் ஒரு பகுதியில், நாயகர்களின் என்டர்பிரைஸ் கலத்தைப் போலவே இருக்கும் இன்னொரு கலம் விண்வெளியில் சிதைந்து மிதக்கிறது. கான்ஸ்டலேஷன் என்று பெயர். உடலில் எழுதியிருக்கும் எண் 1017. என்டர்பிரைஸின் எண் 1701 என்பது நினைவில் இருந்தால் விஷயம் விளங்கிவிடும். படப்பிடிப்புக்காக மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் கட்டிய என்டர்பிரைஸ் பதினோரு அடி நீளம். அப்படி இன்னொன்றைக் கட்டாமல், ஏ.எம்.டி. நிறுவனம் 1966இல் கடைகளுக்கு அனுப்பிய பிளாஸ்டிக் கிட் ஒன்றை எடுத்து ஒட்டி, அதோடு வந்த எண்களை இடம் மாற்றிப் பதித்து, உடலைச் சிதைத்துக் கருக்கிக் கேமரா முன் நிறுத்திவிட்டார்கள். திரைக் கலத்தின் பிரதியாக வந்த பொம்மை, திரைக்கே திரும்பிப்போய் இன்னொரு கலத்தின் மூலமாக ஆனது. அதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாரந்தோறும் புதுக்கருக்கு அழியாமல் வலம்வந்த என்டர்பிரைஸின் உடலில் எழுதப்படாத ஒன்று இந்தச் சின்னக் கிட்டின் உடலில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு ஒரு கடந்தகாலம் இருந்தது. இங்கே சண்டை நடந்தது, இதில் இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்பதை வசனம் வருவதற்கு முன்பே கருகிய பிளாஸ்டிக் சொல்லிவிட்டது.

அறிவியல் புனைவு வாகனங்களைப் பிளாஸ்டிக்கில் கட்டி, தமக்கு வேண்டியபடி மாற்றி, ஏர்பிரஷ்ஷால் வண்ணம் அடிக்கும் இந்தக் கலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு திசைகளில் போகும். கைத்திறனை வியப்பது ஒன்று. மற்றது, இதில் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம், தப்பு என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் கிடையாது என்று அதன் சுதந்திரத்தைக் கொண்டாடுவது. இரண்டாவது பேச்சு எனக்கு ஏற்புடையது அல்ல. உலகில் இல்லாத வாகனத்தைச் செய்பவருக்குத்தான், இருக்கும் வாகனத்தைச் செய்பவரைவிடக் கட்டுப்பாடு அதிகம். ஒத்துப்பார்க்க மூலம் இல்லாதபோது ஒரு மாதிரியின் உண்மை முழுவதும் அதன் மேற்பரப்பில் படிந்த பயன்பாட்டின் காரணகாரியத்தில் தங்கிவிடுகிறது. இந்தக் கீறல் ஏன் இங்கே, இந்தப் புகைக்கறை ஏன் இந்தப் பக்கம் ஓடுகிறது, இந்தத் தகடு மட்டும் ஏன் வெளுக்கவில்லை என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கும் மாதிரி உண்மையானது. பதில் இல்லாதது எத்தனை அழகாக இருந்தாலும் பொய்யானது.

உண்மை வாகனத்தின் மாதிரியிலிருந்து தொடங்குவோம். ஒருவர் ஸ்பிட்ஃபயர் விமானத்தை 1/72 அளவில் செய்கிறார் என்றால் அவருக்கு வெளியே சாட்சிகள் இருக்கின்றன: புகைப்படங்கள், வரைபடங்கள், அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம். இறக்கையின் வளைவு பிசகியிருந்தால் அளந்து காட்டிவிடலாம். ஆனால் இந்தத் துல்லியத்துக்குள்ளேயே எல்லோரும் சம்மதித்த பொய்கள் உண்டு. விமான உடலில் தகடும் தகடும் சேரும் இடத்தில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொண்டாலும், 1/72இல் அது 0.04 மில்லிமீட்டர். தலைமுடியின் கனம்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. கிட்டில் வெட்டியிருக்கும் கோடு 0.2 மில்லிமீட்டர் என்றால், நிஜ விமானத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள பள்ளம். இருந்தும் அந்தப் பள்ளம் இல்லாத மாதிரி நமக்கு மொட்டையாகத் தெரிகிறது. அளவு என்பதே எப்போதும் அறிவியலிலிருந்து வந்ததும் அல்ல. இன்று ராணுவ வாகன மாதிரிகளுக்குப் பொது அளவாகிவிட்ட 1/35, ஜப்பானின் ஷிஸுவோகாவைச் சேர்ந்த தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்பதற்காக வகுத்த உடல் அளவிலிருந்து பிறந்தது. ஆக, நிஜத்தைப் பிரதி எடுப்பதாகச் சொல்லும் மாதிரியும் நிஜத்தை அப்படியே சுருக்குவதில்லை. பார்ப்பவரின் கண்ணை ஒப்புக்கொள்ளவைக்கிறது. ஒப்புதலுக்கு ஆதாரமாக வெளியே ஒரு பொருள் நிற்பதால் இந்த ஏற்பாடு நம் கவனத்துக்கு வருவதில்லை, அவ்வளவுதான். அந்தப் பொருளை எடுத்துவிட்டால் எதை வைத்து ஒப்புக்கொள்ளவைப்பது என்ற கேள்வி அப்பட்டமாக எழுகிறது. அறிவியல் புனைவு மாதிரி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கேள்விக்கு வந்த முதல் பதில் சினிமாப் பட்டறைகளில் உருவானது. 1960களில் இங்கிலாந்தில் 'தண்டர்பேர்ட்ஸ்' பொம்மைத் தொடருக்காக டெரெக் மெடிங்ஸின் குழு செய்த வாகனங்களில் கடைக் கிட்டுகளின் பாகங்கள் ஒட்டப்பட்டன. மேலே அழுக்கும் பூசப்பட்டது. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யின் கலங்களிலும் கிட் பாகங்கள் நுணுக்கம் கூட்டின. 1975இல் ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக கலிஃபோர்னியாவின் வான் நைஸில் ஐ.எல்.எம். என்ற சிறப்புக்காட்சிப் பட்டறையைத் தொடங்கியபோது அந்த வழக்கம் ஒரு முறையாகவே ஆனது. கிராண்ட் மெக்கூனின் தலைமையில் இருந்த மாதிரிக் கலைஞர்கள் டாங்கி, கார், பீரங்கி, விமானக் கிட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரித்தார்கள். படத்தில் வரும் மில்லெனியம் ஃபால்கன் கலத்தின் ஐந்தடி மாதிரியின் தோலில் அவை எல்லாம் ஏறின. அதற்கு நிறையப் பாகங்கள் தந்த கிட்டுகளில் ஒன்று ஹாசேகாவா நிறுவனத்தின் 1/72 லியோபோல்ட் ரயில் பீரங்கி. 1944இல் இத்தாலியின் ஆன்ஸியோ கடற்கரையில் நேசநாட்டுப் படைகளின் மீது குண்டு பொழிந்த ஜெர்மானிய ஆயுதத்தின் சிற்றுருவம், எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு கடத்தல்காரனின் கலத்துக்குக் குழாயும் இணைப்பும் ஆயிற்று. கிட்பாஷிங் என்று மாதிரிக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். நம் அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை என்று ஒன்று உண்டு. அதில் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் உலகத்துப் பொருள்கள், சேர்க்கை மட்டும் உலகத்தில் இல்லாதது. கிட்பாஷிங்கின் இலக்கணமும் அதுதான்.

சேர்க்கை எப்படி நிகழ்கிறது என்பதிலும் கவனிக்க விஷயம் உண்டு. கிட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை. அவற்றை ஒட்டும் திரவம் மேலே தங்கிப் பிடிக்கும் கோந்து அல்ல, கரைப்பான். இரண்டு பக்கத்து மேற்பரப்பையும் அது இளக்க, மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போனபின் அங்கே இரண்டு துண்டுகள் இல்லை. டாங்கியின் மூடியும் பந்தயக் காரின் எஞ்சின் தொகுதியும் பொருள் அளவிலேயே ஒரே உடலாகிவிடுகின்றன. அடுத்து இடுக்குகளுக்குப் புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே ஒரே சாம்பல் நிறத்தில் பிரைமர் அடிக்கிறார்கள். அதுவரை பச்சை, வெள்ளை, கறுப்பு என்று பல நிறப் பிளாஸ்டிக் துண்டுகளாகத் தங்கள் ஊரைக் காட்டிக்கொண்டிருந்த பாகங்கள் அந்த ஒரே படலத்துக்குக் கீழே தங்கள் பிறப்பை இழக்கின்றன. ஆனால் பிரைமர் அடித்த நிலையில் அது வெறும் வடிவம். நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்ததா, நாற்பது ஆண்டுகளாக ஓடுகிறதா, யார் ஓட்டுகிறார்கள், எங்கே இறங்குகிறது என்று எதுவும் தெரியாது. இதற்கு மேல்தான் ஏர்பிரஷ்ஷின் வேலை வருகிறது.

ஏர்பிரஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் அமெரிக்காவில் உருவான கருவி. அதற்கு நெடுங்காலம் சோறு போட்ட தொழில் புகைப்படத் திருத்தம். முகத்தின் வடுவை மறைப்பது, பின்னணியில் வேண்டாத ஆளை நீக்குவது, விளம்பரப் படங்களில் இயந்திரத்துக்கு இல்லாத பளபளப்பை ஏற்றுவது என்று, தடயத்தை அழிப்பதற்காகவே வளர்ந்த கருவி அது. மாதிரி செய்பவர் அதே கருவியைக் கொண்டு தடயத்தை உண்டாக்குகிறார். விரலால் விசையை அழுத்தினால் காற்று வரும்; பின்னுக்கு இழுத்தால் ஊசி நகர்ந்து, 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் துளை திறந்து வண்ணம் வரும். வேகமாகப் பாயும் காற்று முனையில் அழுத்தத்தைக் குறைப்பதால் வண்ணம் தானே இழுபட்டுத் துகளாகிறது. தின்னர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்த வண்ணத்தை, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், மாதிரிக்கு மிக அருகே பிடித்தால் அது தேங்கிச் சிலந்திக் கால்களாகப் பிரிந்து ஓடும். தூரம் கூடினால் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி படியும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடத்தில்தான் வேலை நடக்கிறது. தூரிகையால் எளிதில் செய்ய முடியாத ஒன்றை இந்தக் கருவி அங்கே செய்கிறது: தொடக்கமும் முடிவும் தெரியாத மாற்றம். புகை, வெப்பம், தூசி, வெயில் எதற்கும் விளிம்பு கிடையாது. காலம் பொருள்களின் மேல் செய்யும் வேலைகளில் விளிம்பில்லாதவற்றை ஏர்பிரஷ் சொல்லும். விளிம்புள்ளவற்றை, அதாவது அடியை, உரசலை, பெயர்தலை, வேறு முறைகளால் சொல்ல வேண்டும்.

அந்த முறைகளின் வரிசையைப் பார்த்தால், வாகனத்தின் வாழ்க்கை வரிசையைத்தான் அவை பின்பற்றுகின்றன. முதலில் உலோக நிறம் அல்லது துரு நிறம், அதாவது வாகனம் எதனால் ஆனதோ அது. அதன் மேல் ஹேர்ஸ்பிரே. அது காய்ந்தபின் அக்ரிலிக்கில் மேல் வண்ணம், அதாவது தொழிற்சாலையில் அடித்தது. பிறகு அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்து முரட்டுத் தூரிகையால் தேய்த்தால் அடியில் இருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து, மேல் வண்ணம் செதில் செதிலாகப் பெயர்கிறது. வண்ணம் பெயர்ந்ததுபோல் வரைவது வேறு, வண்ணத்தை நிஜமாகவே பெயர்ப்பது வேறு. இந்த முறையில் தேய்மானத்தின் படம் கிடைப்பதில்லை. சிறிய அளவில் தேய்மானமே நடக்கிறது. அதன் பிறகு தகட்டு இடுக்குகளில் நீர்த்த எண்ணெய் வண்ணம் ஓடவிடுவது, மேற்பரப்பு முழுவதும் மெல்லிய சாயலை ஏற்றுவது, கடைசியில் சக்கரத்திலும் அடிவயிற்றிலும் பொடி தூவுவது என்று போகும். இந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது. தூசி படிந்தபின் வண்ணம் பெயர்ந்தால் பெயர்ந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். வண்ணம் பெயர்ந்து நாளாகியிருந்தால் அங்கே துரு ஒழுகியிருக்க வேண்டும். எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லத் தெரியாதவர் கையில் நல்ல ஏர்பிரஷ் இருந்தும் பயனில்லை.

அளவைப் பற்றிய கணக்கும் இங்கே திரும்ப வருகிறது. 'ஸ்டார் வார்ஸ்' தொடக்கக் காட்சியில் சிறிய கலம் ஒன்றைப் பிரம்மாண்டமான ஸ்டார் டிஸ்ட்ராயர் துரத்துகிறது. பட்டறையில் துரத்தப்படும் கலத்தின் மாதிரி ஏறக்குறைய ஆறடி. துரத்தும் கலம் மூன்றடி. பார்ப்பவர்களுக்கு அது தலைகீழாகத் தெரிவதற்குக் கேமராவோடு சேர்ந்து மேற்பரப்பின் நுணுக்கமும் காரணம். பொருள் பெரிதா சிறிதா என்பதைக் கண் அதன் மேல் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களின் செறிவை வைத்துத்தான் முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொள்ளாத மாதிரிகளே அதிகம். 'கண்டம்' என்ற ஜப்பானிய அசைபடத் தொடரின் ராட்சத இயந்திரத்தை வைத்துப் பண்டாய் நிறுவனம் 1980இல் 300 யென்னுக்கு விற்கத் தொடங்கிய முதல் கிட்டின் அளவு 1/144. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள அந்த இயந்திரம் மேசையில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நிற்கும். அதன் தோளில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்ததாகக் காட்டினால், நிஜத்தில் அது பதினான்கு சென்டிமீட்டர், கையகலத் திட்டு. அப்படி நூறு திட்டுகளோடு ஓர் இயந்திரம் போர்க்களத்தில் நிற்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லையென்றால் அந்தப் பெயர்ச்சிகள் இயந்திரத்தை உடனே பொம்மையாகச் சுருக்கிவிடும். கற்பனை வாகனத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது என்பவர்களுக்குச் சாதாரணப் பெருக்கல் கணக்கே பதில் சொல்லிவிடுகிறது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எதிர்காலமும் விண்வெளியும் ஏன் அழுக்காக இருக்க வேண்டும் என்பது. காற்றில்லாத இடத்தில் தூசி ஏது, துரு ஏது? அழுக்குக் கலங்கள் என்பது 'ஸ்டார் வார்ஸ்' வெளியான 1977க்குப் பிறகு வந்த சினிமா மோஸ்தர் மட்டும்தானே? நிஜ விண்வெளிப் பயணத்தின் சான்றுகள் வேறு மாதிரி பேசுகின்றன. கஜகஸ்தான் சமவெளியில் இறங்கும் சோயுஸ் கலம் கருகிக் கறுத்துத்தான் வந்து விழுகிறது. அமெரிக்காவின் டிஸ்கவரி விண்ணோடம் 2012இலிருந்து வாஷிங்டனுக்கு அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது; வளிமண்டலத்தைக் கிழித்துத் திரும்பிய தடங்கள் அதன் ஓடுகளில் அப்படியே இருக்கின்றன. சந்திரனில் நடந்த அப்போலோ வீரர்களின் வெள்ளை உடைகள் அங்கிருந்த தூளால் சாம்பல் நிறமாயின. விண்வெளி சுத்தமாக இருக்கலாம்; அங்கே போய்வருவது சுத்தமான காரியம் அல்ல. அதே சமயம் இந்த எதிர்வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. '2001' படத்தின் டிஸ்கவரி கலம் வெண்மையாக இருப்பதும் பொய் அல்ல. அது எந்தக் கோளிலும் தரை இறங்குவதற்காகக் கட்டியது அல்ல. முதல் பயணத்தில் இருக்கிறது. அரசு ஒன்றின் பணத்தில் ஓடுகிறது. அந்த வெண்மைக்கும் காரணம் உண்டு. ஆகவே அழுக்கு வேண்டும் என்பது விதி அல்ல. மேற்பரப்புக்குக் காரணம் வேண்டும் என்பதே விதி. சுத்தமும் ஒரு வகைத் தடயம்தான்; யாரோ துடைத்திருக்கிறார்கள், அல்லது இன்னும் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. அழுக்கடிப்பதே இப்போது ஒரு வாய்பாடாகிவிட்டது. எந்த நாட்டு மாதிரிக்காரர் செய்தாலும் எல்லாக் கலங்களும் ஒரே விதத்தில் துருப்பிடிக்கின்றன. ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் இருள் ஏற்றி நடுவை வெளிறச் செய்யும் பழக்கம் ஏர்பிரஷ்ஷுக்கு எளிது என்பதால் பரவியதே தவிர, எந்த வெயிலும் மழையும் தகடு தகடாகப் பிரித்துப் பெய்வதில்லை. இதை நான் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தகராறு அருங்காட்சியகம் வரைக்கும் போயிருக்கிறது. 1974இல் ஸ்மித்சோனியனுக்குக் கொடையாக வந்த பதினோரு அடி என்டர்பிரைஸ் மாதிரியை 1991இல் புதுப்பித்தபோது தகட்டுக் கோடுகளையும் சாயல்களையும் தூக்கலாகக் காட்டி அடித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் நெடுங்காலம் மனக்குறைப்பட்டார்கள். அந்தப் புதுப்பித்தலில் கலத்தின் தட்டு வடிவப் பகுதியின் மேற்பக்கத்துப் பழைய வண்ணம் மட்டும் தொடப்படாமல் தப்பித்திருந்தது. அடுத்து நடந்த பாதுகாப்புப் பணியில் எக்ஸ்ரே வரை பயன்படுத்தி ஆராய்ந்து, அந்தத் தப்பிய வண்ணத்தைச் சான்றாகக் கொண்டு, 1967 ஆகஸ்டில் இருந்த தோற்றத்துக்கு அதைத் திருப்பினார்கள். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானம் இருக்கும் அதே கூடத்தில் அது 2016இல் மக்கள் பார்வைக்கு வந்தது. எந்த வானத்திலும் பறக்காத ஒரு கலத்தின் மேல் எவ்வளவு சாயல் சரி என்பதற்காக இத்தனை விசாரணை நடந்திருக்கிறது என்றால், மேற்பரப்பு இங்கே அலங்காரம் அல்ல, சாட்சியம் என்று எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். வாய்பாடு பொய் என்று நாம் சொல்ல முடிவதும் காரணம் கேட்கும் அளவுகோல் கையில் இருப்பதால்தான்.

வாய்பாட்டுக்கு வெளியே நின்ற ஒருவரையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஓவியர் கோ யோகோயாமா 1982இல் 'ஹாபி ஜப்பான்' இதழில் எஸ்.எஃப்.3டி என்ற தொடரைத் தொடங்கினார். பின்னாளில் அதுவே மாஷினென் க்ரீகர் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. நாவலோ படமோ முன்னால் இல்லை. இருபத்தொன்பதாம் நூற்றாண்டில் நடப்பதாகச் சொல்லும் ஒரு போரின் இயந்திரங்களைக் கிட் பாகங்களாலும் புட்டியாலும் கட்டிப் புகைப்படம் எடுத்து, அதோடு கதையைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அவர் ஏர்பிரஷ்ஷின் வழவழப்பை நாடாமல் பெரும்பாலும் தூரிகையாலேயே வண்ணம் தீட்டுபவர். ஒரு படை வீரர் உடையாக அணிந்துகொள்ளும் அந்த 1/20 அளவுக் கவசங்களில் தூரிகையின் இழுப்பு அப்படியே தெரியும். அது குறையாகப் படாததற்குக் காரணம், அந்தக் கவசங்களைப் போர்க்களத்தில் யாரோ அவசரமாகக் கையால்தான் பூசியிருப்பார்கள் என்று நம் மனம் உடனே ஒத்துக்கொள்வது. கருவியின் தடமே கதையின் தடமாகிவிடுகிறது. ஏர்பிரஷ்ஷுக்கும் இது பாடம். கருவிக்கு எளிதாக வருவது எது, வாகனத்துக்கு நேர்ந்தது எது என்று பிரித்துப் பார்க்கிற இடத்தில்தான் தொழில் கலையாகிறது.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இந்த எதிர்காலங்களெல்லாம் இரண்டாம் உலகப்போரின் உதிரிப் பெட்டியிலிருந்து வருகின்றன. ஜெர்மானிய டாங்கியின் வளைவும் பூச்சும் சின்னங்களின் சாயலும் நட்சத்திரங்களுக்கு ஏறுகின்றன. அந்த டாங்கிகளுக்குப் பின்னால் இருந்த கொலைகள் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. கடைகளில் அதிகம் கிடைத்தவை போர்க் கிட்டுகள், ஆகவே கற்பனையும் போர்க் கற்பனையாயிற்று என்று பொருளாதாரக் காரணம் சொல்லலாம். அது விளக்கம்தான், விடுதலை அல்ல. இன்னும் சங்கடமானது, அழுக்கு அழகாக இருக்கிறது என்பது. துரு ஒழுகிய கவசம் கண்ணுக்கு இனிமையாக இருப்பதால் இயந்திரம் பட்ட பாடு காவியமாகிறது. உள்ளே இருந்த மனிதர் பட்ட பாடு எந்த எண்ணெய் வண்ணத்திலும் வருவதில்லை. ஆனாலும் இதைக் குற்றமாக நம்மால் உணர முடிவது எதனால் என்று கேட்டுப் பார்க்கலாம். இந்த ஓட்டை எப்படி வந்தது என்று ஒரு மாதிரி நம்மைக் கேட்கவைத்துவிட்டால், அப்போது உள்ளே யார் இருந்தார் என்ற அடுத்த கேள்வியை அதனால் தடுக்க முடியாது. பளபளக்கும் கலம் அந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை. யோகோயாமாவின் கவசங்களில் மூடி திறந்து வீரரின் முகம் தெரியும்படி மாதிரிகள் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. காரணம் கேட்கும் ஒழுக்கம் போரழகியலை ஒழித்துவிடாது. அதை நிம்மதியாகவும் இருக்கவிடாது.

கடைசி எதிர்வாதம் என் கூற்றின் அடித்தளத்தையே தொடுகிறது. கற்பனை வாகனத்துக்கு மூலம் இல்லை என்றேன். ஆனால் இப்போது அதற்கும் மூலம் வந்துவிட்டதே? ஃபைன் மோல்ட்ஸ் நிறுவனம் 2005இலும் பண்டாய் 2017இலும் 1/72 அளவில் வெளியிட்ட மில்லெனியம் ஃபால்கன் கிட்டுகளில், பட்டறையில் அன்று ஒட்டிய டாங்கிப் பாகமும் பீரங்கிப் பாகமும் அடையாளம் காணும்படி வார்க்கப்பட்டிருக்கின்றன. எந்தக் குழாய் எந்தக் கிட்டிலிருந்து வந்தது என்று வருடக்கணக்கில் தேடிப் பட்டியலிட்டு, அதே பழைய கிட்டுகளை வாங்கி அதே இடத்தில் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் அலமாரியில் கிடந்ததைக் கைபோன போக்கில் ஒட்டியது இன்னொருவருக்கு மாற்றக்கூடாத பாடமாகிவிட்டது. அப்படியானால் இதுவும் ஸ்பிட்ஃபயர் செய்வது போலத்தானே, சாட்சிகள் வெளியே இருக்கின்றனவே என்று கேட்கலாம்.

இதற்குப் பதில் என்டர்பிரைஸின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பதினோரு அடி மாதிரியை வலப்பக்கத்திலிருந்துதான் படம் பிடித்தார்கள். விளக்குகளுக்கான மின்கம்பிகள் இடப்பக்கம் வழியாக வெளியே வந்தன. அந்தப் பக்கத்தில் வேலைப்பாடு முடிக்கப்படவே இல்லை. இப்போது அதைச் செய்ய உட்காரும் ஒருவர் இடப்பக்கத்தை என்ன செய்வார்? படப்பிடிப்பு மாதிரிக்கு விசுவாசமாக இருந்தால் மொட்டையாக விட்டுக் கம்பிகளைத் தொங்கவிட வேண்டும். கலத்துக்கு விசுவாசமாக இருந்தால் அந்த மாதிரியில் இல்லாத ஜன்னல்களையும் எழுத்துகளையும் தாமே யோசித்து வைக்க வேண்டும். ஏ.எம்.டி. கிட்டிலேயே இடப்பக்கமும் வலப்பக்கம்போல முழுமையாகத்தான் வந்தது. வாங்கிய எவரும் அதைத் தவறு என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஸ்பிட்ஃபயரில் இப்படி ஒரு பிளவு கிடையாது. அங்கே பொருளும் வாகனமும் ஒன்று. இங்கே பட்டறைப் பொருள் ஒன்று, அது சுட்டும் வாகனம் வேறொன்று. பட்டறைப் பொருளைப் பிரதி எடுப்பது ஆவணப் பணி, மதிக்கத்தக்கது, அதற்கு வெளிச்சாட்சி போதும். வாகனத்தைச் செய்வது அனுமானப் பணி. புகையைக் கண்டு நெருப்பை அறிவதாக நம் தருக்க நூல்கள் சொல்லும் பாதையில் அதைச் செய்பவர் எதிர்த்திசையில் நடக்கிறார்: நெருப்பை முதலில் மனத்தில் வைத்து, அதற்கு எங்கே, எவ்வளவு, எந்த நிறத்தில் புகை படியும் என்று கணக்கிடுகிறார். பார்ப்பவர் புகையிலிருந்து நெருப்புக்குத் திரும்பி வந்து சேர்ந்தால் கணக்கு சரி.

மாதிரிப் போட்டிகளில் நடுவர்கள் வழக்கமாகத் தையல்கோடு தெரிகிறதா, ஒட்டுப்படம் வெள்ளி பூத்திருக்கிறதா, வண்ணப் படலம் சீராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவை கைச்சுத்தத்தின் அளவுகோல்கள், தேவையானவை, ஆனால் கற்பனை வாகனத்துக்குப் போதாதவை. இந்த வாகனம் என்ன வேலை செய்கிறது, நேற்று எங்கே இருந்தது என்று மாதிரியைப் பார்த்தே சொல்ல முடிகிறதா என்பதை முதல் கேள்வியாக வைத்தால் பரிசுகள் வேறு மேசைகளுக்குப் போகும். அதே கேள்வியை இந்த மேசைகளுக்கு வெளியேயும் வைக்கலாம். கற்பனை என்றால் காரணத்திலிருந்து விலக்கு என்று கருதி எழுதப்படும் புனைவுகளும், பல கோடி செலவில் எடுக்கப்படும் எதிர்கால நகரங்களும் ஏன் நம் மேல் ஒட்டாமல் வழுக்கிப் போகின்றன என்பதற்கு விடை அங்கே கிடைக்கும். இருக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்பவர் பாதிச் சான்றை உலகத்திடம் கடன் வாங்கிக்கொள்ளலாம். இல்லாத ஒன்றைச் சொல்பவர் எல்லாச் சான்றையும் தானே செய்தாக வேண்டும். ஒவ்வொரு கறைக்கும் அவரே பொறுப்பு.